நம் ஆங்கிலமும் நம் தவறுகளும்
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



காலையிலிருந்து இந்த வளாகத்தில் என் காதில் விழுந்துகொண்டே இருக்கும் கேள்வி, "நீங்க எந்த வருஷம் பாஸ் அவுட்?" என்பதுதான். இதையே ஓர் ஆங்கிலேயரிடம் சொல்லிப் பாருங்கள். "அடடா, எங்கே மயக்கம் போட்டு விழுந்தீர்கள்?" என்று பதறுவார். பயிற்சி முடித்த ராணுவ அதிகாரிகளுக்கு அந்தச் சொல் பொருந்தும். பரங்கிமலையில் நடப்பது பாஸிங் அவுட் பரேட்தான். நாமெல்லாம் 'கிராஜுவேட்' ஆனவர்கள்.

சிரித்தீர்கள், சந்தோஷம். ஆனால் சிரிக்க முடியாத தவறும் உண்டு. நான் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு பையன், தமிழ் வழியில் படித்து வந்தவன், வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனான். "டோன்ட் யூ நோ டைப்பிங்?" என்று கேட்டார்கள். "யெஸ் சார்" என்றான். மெஷின் முன்னால் உட்கார வைத்தார்கள். விழித்தான். "பொய் சொல்கிறாயா?" என்று அனுப்பிவிட்டார்கள்.

அவன் பொய் சொல்லவில்லைங்க. "டைப்பிங் தெரியாதா?" என்று தமிழில் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "ஆமாம், தெரியாது" என்போம். கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்வது நம் 'ஆமாம்'. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. தெரியும் என்றால் யெஸ். தெரியாது என்றால் நோ. கேள்வி எப்படி வந்தாலும் சரி, உங்கள் பதிலை மட்டும் பாருங்கள். இந்த ஒரு விதியை யாராவது அவனுக்கு முன்பே சொல்லியிருந்தால் போதும்.

நான் சொல்ல வருவது இதுதான். நம் தவறுகள் பெரும்பாலும் மடமையால் வருவன அல்ல, தமிழிலிருந்து வருவன. 'போகிறேன்' என்ற ஒரே சொல் நமக்குத் தினமும் போவதற்கும் ஆகும், இப்போது போய்க்கொண்டிருப்பதற்கும் ஆகும். ஆங்கிலத்தில் இவை இரண்டு. அந்தக் குழப்பத்தில்தான் 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' என்பது 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' ஆகிறது. ஊரில் இருக்கிறான், மேஜையில் இருக்கிறது, வாசலில் நிற்கிறான் - எல்லாவற்றுக்கும் நமக்கு 'இல்' ஒன்றே போதும். அவர்களுக்கோ இன், ஆன், அட் என்று மூன்று. 'பற்றி விவாதித்தோம்' என்று சொல்லிப் பழகிய நாக்கு 'டிஸ்கஸ்டு அபௌட்' என்கிறது. டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் 'பற்றி' அடக்கம்.

'இஸ்கூல்' என்பவனைக் கண்டு கேலி செய்கிறோமே, அவன் யார் வழியில் போகிறான் தெரியுமா? தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்பது தொல்காப்பியம் சொல்லும் விதி. அதைத்தான் அவன் நாக்கு காப்பாற்றுகிறது!

நம் வழக்கெல்லாம் தவறு என்றும் நினைக்க வேண்டாம். நம் அலுவலகங்களில் புழங்கும் 'ப்ரீபோன்', இந்திய வழக்கு என்ற குறிப்போடு ஆக்ஸ்போர்டு அகராதியில் ஏறியிருக்கிறது.

சரி, திருத்திக்கொள்வது எப்படி? மாணவர்களுக்கு நாலு யோசனை சொல்றேன். ஒன்று, ரென் அண்ட் மார்ட்டினை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்யக் கிளம்பாதீர்கள். வாரத்துக்கு ஒரே ஒரு தவறை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் முழுக்க அதை மட்டும் கவனியுங்கள். இரண்டு, சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள், வாக்கியத்தோடு எழுதிவையுங்கள். 'டிபெண்ட்' என்று எழுதினால் பிரயோஜனமில்லை. 'இட் டிபெண்ட்ஸ் ஆன் த ரெய்ன்' என்று எழுதினால் அந்த 'ஆன்' தானாக ஒட்டிக்கொள்ளும். மூன்று, தினமும் பத்து நிமிஷம் செய்தித்தாளை உரக்கப் படியுங்கள். கையில்தான் போன் இருக்கிறதே, பதிவு செய்து கேளுங்கள். நான்கு, பேசுங்கள். நீச்சல் பழகுகிறவன் தண்ணீர் குடிக்காமல் கரையேற முடியுமா?

பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாயைத் திறந்தால் சிரிப்பார்களோ என்ற பயத்திலேயே மூன்று வருஷமும் பின் பெஞ்சில் மௌனமாக உட்கார்ந்து போகிற பிள்ளைகள் இந்தக் கல்லூரியில் இன்றும் உண்டு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு நீங்கள் தரும் நன்கொடை பெரிதுதான். அதைவிடப் பெரிது உங்கள் நேரம். உள்ளூரில் இருப்பவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம் வந்து இவர்களோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருங்கள். பாடம் நடத்த வேண்டாம். தப்பு வந்தால் சிரிக்காமல், சரியான வாக்கியத்தை நீங்கள் ஒருமுறை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். அது போதும். விருப்பமுள்ளவர்கள் இன்று மாலையே சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகலாம்.