நம் இரவுக்கு உள்ள வேலை



மீனாட்சிபுரத்தில் வானத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று வாசகசாலை நண்பர்கள் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்த பெயர் வைணு பாப்பு. தலசேரிக் குடும்பம், பிறந்தது 1927இல் சென்னையில். தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் இந்த ஊர் அவரை நம்மவர் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை உண்டாக்கியவர் அவர் என்று பலருக்குத் தெரியும். அதற்கும் முன்பு, 1950களில், உத்தரப் பிரதேச அரசின் வானாய்வகத்தை நைனிதால் மலைக்குக் கொண்டுபோனதும் அவர்தான். காமாக் கதிர் வெடிப்புகளைப் பற்றிய இன்றைய பேச்சில் அந்த நைனிதால் இரண்டு முறை வரும்.

1967இல், யாராவது திருட்டுத்தனமாக அணுகுண்டு வெடிக்கிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்களில் ஒரு காமாக் கதிர் வீச்சு பதிவானது. குண்டு இல்லை, அது விண்வெளியின் ஆழத்திலிருந்து வந்தது. இப்படிப்பட்ட வெடிப்பு பெரும்பாலும் சில நொடி இருக்கும், சில சமயம் சில நிமிடம். காமாக் கதிரை நம் காற்றுமண்டலம் தடுத்துவிடுவதால் தரையில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. வெடித்த இடத்தில் சாதாரண ஒளியிலும் ஒரு பின்னொளி மிஞ்சுகிறது என்பதைக் கண்டுபிடிக்க 1997 ஆகிவிட்டது.

அந்தப் பின்னொளி மணிக்கு மணி மங்கும். செயற்கைக்கோளின் செய்தி வந்தவுடன், உலகில் எங்கே இரவோ அங்கே டெலஸ்கோப் திரும்ப வேண்டும். வரைபடத்தைப் பாருங்கள்: ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்கும் அட்லாண்டிக்கில் உள்ள கேனரித் தீவுகளுக்கும் நடுவே பெரிய டெலஸ்கோப்புகள் குறைவு. அந்த இடைவெளியில் இருப்பது நாம். மில்லில் ஷிப்ட் மாற்றிவிடுகிற மாதிரி, அங்கே விடிந்தால் இங்கே ஒருவர் கண் விழித்தாக வேண்டும். 1999 ஜனவரி 23ஆம் தேதி வெடிப்பின் பின்னொளியை நைனிதாலின் 104 சென்டிமீட்டர் டெலஸ்கோப் அளந்தபோது நாமும் அந்த வேலையில் சேர்ந்தோம்.

2003 மார்ச் 29, நம் நேரப்படி மாலை ஐந்து மணி தாண்டி ஒரு வெடிப்பு. நமக்கு இன்னும் பொழுது சாயவில்லை. இருட்டிவிட்ட ஆஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் பின்னொளியைக் கண்டார்கள். தொலைவு சுமார் 200 கோடி ஒளியாண்டு. ஆனாலும் மொட்டைமாடியில் டெலஸ்கோப் வைத்திருக்கும் ஆர்வலர் பிடிக்கக்கூடிய பிரகாசம்! நாள்தோறும் அதன் நிறமாலையை எடுத்தார்கள். முதல் நாட்களில் அதில் ஓர் அடையாளமும் இல்லை, வழவழவென்று இருந்தது. ஒரு வாரம் போனதும், பின்னொளி வற்ற வற்ற, அடியிலிருந்து அகன்ற மேடுபள்ளங்கள் எழுந்தன. நொடிக்கு 30,000 கிலோமீட்டருக்கு மேல் சிதறி ஓடும் பொருளின் முத்திரை அது. சூப்பர்நோவா, அதாவது நட்சத்திரம் வெடித்துச் சாவது! பெரிய நட்சத்திரம் உட்சரிந்து சாகும்போது நீண்ட காமா வெடிப்பு பிறக்கிறது என்ற கருத்துக்கு 1998லேயே ஒரு தடயம் கிடைத்திருந்தது. மறுக்க முடியாத சாட்சி இதுதான். புனே பக்கத்து ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ டெலஸ்கோப் அந்தப் பின்னொளியை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. அந்தப் பொறுமையை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இன்னொரு வெடிப்பு, 2021 டிசம்பர் 11. இதுவும் நம் மாலை நேரம்தான். ஐம்பது நொடி நீடித்தது, அதாவது நீண்ட வகை. வழக்கப்படி சூப்பர்நோவா இருக்க வேண்டும். தேடினார்கள், இல்லை. அதற்குப் பதிலாகக் கிலோநோவா இருந்தது: நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதி இணையும்போது எழுவது, தங்கம் போன்ற கனத்த தனிமங்கள் உருவாகும் உலைக்களம். நீண்ட வெடிப்பென்றால் நட்சத்திரச் சாவு என்றிருந்த கணக்கு அன்று உடைந்தது. அதை உடைத்த ஆய்வுகளில் ஒன்றில், நைனிதால் மாவட்டம் தேவஸ்தல் மலையிலுள்ள நம் 3.6 மீட்டர் டெலஸ்கோப்பின் அளவுகளும் இருக்கின்றன.

பெற்றோர்களிடம் ஒன்று கேட்கிறேன். இயற்பியல் படிக்கிறேன் என்று பிள்ளை சொன்னால், சோறு போடுமா என்று கேட்டு அடக்கிவிடாதீர்கள். வாசகசாலை நிர்வாகிகளே, இந்தப் பிள்ளைகளை ஒருமுறை காவலூருக்குக் கூட்டிப்போங்கள். பாலக்காட்டில் சென்னை ரயில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கினால் மலை பக்கம்தான். அனுமதி கேட்டு முன்கூட்டியே எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை இன்றைக்கே, இந்தக் கூட்டம் முடிந்ததும் எழுதுவோம்.