வயிற்று வலியும் விளக்கெண்ணெயும்



பிள்ளை வயிறு வலிக்கிறது என்று அழுதால் நம் வீடுகளில் கோடாரித் தைலம் முதலில் வரும். அடுத்து, "பூச்சி வயிறு, பேதிக்குக் கொடு" என்று பாட்டி சொல்வார், விளக்கெண்ணெய் வரும். பாட்டி சொல்வதிலும் காரணம் உண்டு. இந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்க ஒரு திட்டமே 1974 முதல் 1983 வரை நடந்தது.

ஆனாலும் பேதி மருந்துதான் வினை. வலிக்குக் காரணம் பூச்சியாக இல்லாமல் குடல்வால் வீக்கமாக இருந்தால், பேதி மருந்து குடலைப் பிழிந்து, புண்பட்ட குடல்வாலைக் கிழித்துவிடக்கூடும். ஆகவே புட்டியை அலமாரியிலேயே வைத்துவிட்டு, பிள்ளையைப் பார்ப்போம்.

குடல்வால் என்பது வலப்பக்க அடிவயிற்றில், பெருங்குடலின் தொடக்கத்தில், சுண்டு விரல்போல் தொங்கும் சிறு குழாய். அது வீங்கும்போது வலி முதலில் தொப்புளைச் சுற்றித்தான் இருக்கும். சில மணி நேரத்தில் வலப்பக்கம் இறங்கி அங்கேயே தங்கும். பிள்ளை மைலோவைக்கூடத் தள்ளிவிடும். வலி வந்த பிறகு வாந்தி, இலேசான காய்ச்சல்.

"எங்கே, நொண்டியடித்துக் காட்டு" என்று சொல்லிப் பார்ப்போம். நன்றாகக் குதிக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் குடல்வால் நோய் இராது. குனிந்து நடக்கிற, மோட்டார் சைக்கிள் குழியில் இறங்கும்போதெல்லாம் கத்துகிற பிள்ளையைக் காலை வரை வைத்திருக்கக் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களிடம் இந்த ஒழுங்கையெல்லாம் எதிர்பார்க்க முடியாது; குடல்வால் சீக்கிரம் வெடித்தும் விடும். வெடித்தவுடன் வலி சற்றுக் குறைவதும் உண்டு. தேறிவிட்டது என்று எண்ணத் தோன்றும். அதற்குள் வயிறு முழுவதும் சீழ் பரவும்.

பெரிய மருத்துவர்கள் வீட்டையும் இந்நோய் விட்டதில்லை. 1902-இல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவை நிறுத்தி, அவருடைய குடல்வால் சீழை அறுத்து எடுத்தவர் பிரெடரிக் டிரீவ்ஸ். அவருடைய சொந்த மகள் 1900-இல் இதே நோயால் இறந்தாள்.

வேறு சில வலிகளுக்கும் அன்றே ஆஸ்பத்திரி வேண்டும். கைக்குழந்தை விட்டுவிட்டுக் காலை மடக்கி வீறிடுவது, மலத்தில் இரத்தச் சளி, பச்சை நிற வாந்தி, காய்ச்சல் தணியும் நேரத்தில் கடும் வயிற்று வலி. கடைசியாகச் சொன்னது டிங்கியாக இருக்கலாம். ஆண் பிள்ளைக்கு விதை முறுக்கிக்கொண்டாலும் வயிறு வலிக்கும். வெட்கத்தால் சொல்லமாட்டான், நாமே கேட்க வேண்டும். ஆறு மணி நேரம் கடந்தால் விதையே போய்விடலாம்.

பள்ளிக்கூட நாளில் மட்டும் வரும் தொப்புள் வலி, மலச்சிக்கல் வலி இவை வேறு வகை. நடிக்கிறது என்று பிள்ளையை அடிக்காதீர்கள்.

புறப்படும்போது சோறோ பாலோ வேண்டாம்; மயக்க மருந்து கொடுக்க நேரலாம். எடைக்கேற்ற பாரசிட்டமோல் கொடுக்கலாம், அது நோயை மறைத்துவிடாது. குளுவாங், சிகாமட், பத்து பகாட், மூவார் அரசாங்க மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை உண்டு. வண்டி இல்லாவிட்டால் 999. அங்கே போய் "சாக்கிட் பெருட்" என்று மட்டும் சொன்னால் போதாது. வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, எங்கிருந்து எங்கே நகர்ந்தது, எத்தனை முறை வாந்தி என்பதையெல்லாம் மூத்த பிள்ளையை விட்டு மலாயில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வோம்.