பொன்னும் பழம்பாறையும்

மணமகள் அணியும் பொன்னும், இரசாயனவியலாளர் கையாளும் பிளாற்றினமும் நமக்கு எங்கிருந்து கிடைத்தன? சுரங்கத்திலிருந்து என்று விடை கூறுதல் எளிது. சுரங்கத்துக்கு அவை எங்கிருந்து வந்தன என்று மேலும் வினவினால், புவியின் பிறப்புவரை நாம் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். அவ்வழியில் நமக்குத் துணையாவது ஒருவகைப் பழைய எரிமலைப் பாறையாகும்.

புவி ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. அதன் இளம்பருவத்தில் கனத்த இரும்பு உருகிக் கீழ்நோக்கி வடிந்து, நடுவே அகணியாகத் திரண்டது. அகணிக்கும் நாம் வாழும் புவியோட்டுக்கும் இடையே, ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் தடிப்புடைய பாறைப் பகுதி உண்டு. அதனை மூடுபடை என்போம். பொன்னும் பிளாற்றினமும் இரும்பின்பால் மிக்க நாட்டமுடையவை. ஆதலால் இரும்பு இறங்கியபோது அவையும் உடனிறங்கி, மூடுபடையில் பெரிதும் அற்றுப்போயிருத்தல் வேண்டும். உண்மையோ வேறு. மூடுபடைப் பாறையில் 1,000 தொன்னுக்கு ஏறத்தாழ 7 கிராம் பிளாற்றினமும் 1 கிராம் பொன்னும் உள்ளன. அளவு சிறிதே, எனினும் எதிர்பார்த்ததிலும் மிக அதிகம்.

இப்புதிருக்கு அறிஞர் பலர் கூறும் விடை இதுவாகும். அகணி திரண்டு முடிந்த பின்னர், விண்ணிலிருந்து கற்கள் வந்து புவிமீது மோதின. புவியின் நிறையில் 200இல் ஒரு பங்களவான பொருள் இவ்வாறு வந்து சேர்ந்தது. அதனோடு வந்த உலோகங்களே இன்று மூடுபடையில் உள்ளவை. அங்கு இவ்வுலோகங்கள் ஒன்றுக்கொன்று அமைந்துள்ள விகிதம், விண்கற்களிற் காணும் விகிதத்தைப் பெரிதும் ஒத்திருத்தல் இக்கருத்துக்கு அரண் செய்கின்றது.

அங்ஙனமாயின், மேலே விழுந்த பொருள் ஆழத்துக்குக் கலந்து செல்லக் காலம் பிடித்திருக்குமன்றோ? அக்கால ஆழத்தின் நிலையை இன்று நமக்கு யார் கூறுவர்?

1969ஆம் ஆண்டில் மொறிஸ் வில்ஜோன், றிச்சர்ட் வில்ஜோன் என்னும் சகோதரர் இருவர், தென்னாபிரிக்காவின் பாபர்ரன் மலைப் பகுதியில் ஒருவகை எரிமலைப் பாறையை இனங்கண்டு விவரித்தனர். அங்கு ஓடும் கோமாட்டி ஆற்றின் பெயரால் அது கோமாட்டைற்று எனப்பட்டது. அதன் வயது ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகள். இன்று ஹவாய்த் தீவுகளிற் பாயும் எரிமலைக்குழம்பின் வெப்பநிலை ஏறத்தாழ 1,200 பாகை சென்ரிகிறேட். கோமாட்டைற்றுக் குழம்போ ஏறத்தாழ 1,600 பாகையில் வெளிவந்தது. அது விரைந்து குளிர்ந்தபோது ஒலிவீன் என்னும் கனியம் நீண்ட அலகுகளாகப் படிகமாயிற்று. அவை புற்கற்றைபோல் விரிந்து கிடப்பதைப் பாறையின் முகத்தில் வெறுங்கண்ணாலேயே காணலாம்.

இப்பாறை நம்பத்தக்க சாட்சியாதல் எவ்வாறு? மூடுபடை சிறிதளவே உருகும்போது, அங்குள்ள கந்தகச் சேர்வைகள் உருகாது எஞ்சி, பிளாற்றினத்தைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ளும். கோமாட்டைற்று உண்டாகும்போது உருகல் மிகுதி. கந்தகச் சேர்வைகளும் முற்றாகக் கரைந்துவிடும். ஆதலால் ஆழத்திலிருந்த பிளாற்றினம் குழம்போடு மேலேறி வரும். 1,000 தொன்னில் சில கிராமே உள்ள உலோகத்தை அளக்க, பாறைத்தூளை நிக்கற் சல்பைட்டோடு உருக்கி உலோகத்தைச் செறிவாக்கி, பின்னர் திணிவு நிறமாலைமானியில் இடுவர்.

2009ஆம் ஆண்டில் மையர் முதலிய ஆய்வாளர், வெவ்வேறு வயதுடைய கோமாட்டைற்றுகளை ஒப்பிட்டு ஒரு முடிபை வெளியிட்டனர். மிகப் பழையனவற்றிற் பிளாற்றினம் குறைவு. 290 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலம்வரை அது படிப்படியே உயர்ந்து, பின்னர் நிலைபெறுகின்றது. விண்ணிலிருந்து வந்த பொருள் ஆழத்திற் கலந்து முடிய நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் சென்றது என்பது அவர்தம் விளக்கம்.

2011ஆம் ஆண்டில் மற்றொரு சான்று கிடைத்தது. கிறீன்லாந்தின் இசுவாப் பகுதியிலுள்ள பழம்பாறைகளில், தங்குதனின் 182ஆம் சமதானி இன்றைய பாறைகளிலும் பத்து இலட்சத்தில் 13 பங்கு மிகுந்திருந்தது. விண்கற்களில் இச்சமதானி குறைவு. ஆகவே, விண்பொருள் வந்து கலவாத மூடுபடையின் எச்சம் அது என்றனர்.

ஆயினும் வழக்கு முடிந்துவிடவில்லை. 2012ஆம் ஆண்டில் கோமாட்டிப் பாறைகளிலும் தங்குதன் அளக்கப்பட்டது. பிளாற்றினம் குறைந்த அப்பாறைகளில் அம்மிகுதி காணப்படவில்லை. மாறாக, 280 கோடி ஆண்டு வயதுடைய, உருசியாவின் கொஸ்ரமுக்ஷாப் பாறைகளில், பிளாற்றினவின உலோகங்கள் பெரிதும் குறையாதிருந்தும் தங்குதன் மிகுதி காணப்பட்டது. 182ஆம் தங்குதனைத் தரும் ஆபினியச் சமதானியின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 90 இலட்சம் ஆண்டுகளே. ஆகவே, அவ்வேறுபாடு புவி பிறந்த முதற் சில கோடி ஆண்டுகளில் உண்டாகி, 170 கோடி ஆண்டுகள் கலந்தழியாது ஆழத்தில் நிலைத்திருந்தது எனக் கொள்ளல் வேண்டும்.

ஒரு சாட்சி மெல்லக் கலந்தது என்கிறது. மற்றொன்று கலவாமலே பகுதி பகுதியாக நின்றது என்கிறது. இரண்டும் ஒருங்கே உண்மையாதலும் கூடும். எவ்வாறாயினும், ஆழத்து மூடுபடை ஒரே சீராகக் கலக்கப்பட்டிருந்ததென நினைத்தல் இனி இயலாது. அணிகலனில் ஒளிரும் பொன்னின் வரலாற்றை எழுத, பொன்னிலும் மலிவான ஒரு கல்லின் துணையையே அறிவியல் நாடி நிற்கின்றது.