பேராக் நெடுஞ்சாலையும் கட்டைப் பெயர்களும்



தஞ்சோங் மாலிமில் பேராக் மாநிலத்துள் நுழையும் முதலாம் எண் கூட்டரசு நெடுஞ்சாலை பீடோர், தாப்பா, கம்பார், ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார், தைப்பிங் எனச் சென்று பாரிட் புந்தாரைக் கடக்கிறது. ஈயமும் ரப்பரும் இவ்வழியே சென்றமையை வரலாற்று நூல்கள் கூறும். சாலையோரத் தமிழர் வழங்கிய இடப்பெயர்களை அந்நூல்களிற் காண்டல் அரிது. இன்று நாம் பேசப் புகுவது அவற்றைப் பற்றியே.

தோட்டத்து மக்கள் சாலையைச் 'சடக்கு' என்றனர். இந்துஸ்தானியிலிருந்து வந்த சொல் அது. மைல்கல்லோ அவர்களுக்குக் 'கட்டை'. கல்லாயினும் கட்டையே! பின்னர் அச்சொல் ஒரு மைல் தூரத்தையும் குறித்தது; 'இரண்டு கட்டை நடந்தேன்' என்பர். அதன்பின் இடத்திற்கே பெயராகி, 'ஆறாங்கட்டை' ஓர் ஊராயிற்று. இலங்கைத் தமிழரிடமும் இவ்வழக்கு உண்டாதலின், இதனை மலாயாவில் மட்டும் தோன்றியதெனல் பொருந்தாது.

மலாய் மொழியின் 'பத்து' என்னும் சொல்லும் கல், மைல், இடம் என இவ்வாறே விரிந்தது. தமிழில் எண் முன்னே நிற்கும். மலாயில் பின்னே வரும். சிலாங்கூரின் பத்து தீகா மூன்றாங்கட்டையே. எண் பின்வராத பத்து காஜாவில் அச்சொல் வெறும் கல்லையே குறிக்கும். பத்துமலையின் பெயரோ பத்து ஆற்றினின்று வந்தது. ('பத்து மலைகள்' என்னும் விளக்கத்தை மாணவர் விடைத்தாள்களில் எத்தனை முறை அடித்திருப்போம்!)

1942 சனவரியில் சிலிம் ரிவரில் நிகழ்ந்த போரைப் பற்றிய குறிப்புகளிலும் படைகள் நின்ற இடங்கள் மைல் எண்களால் சுட்டப்பெற்றுள்ளன. 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்திற்குப் பின் நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. மைல்கற்களின் இடத்தைக் கிலோமீட்டர்க் கற்கள் பெற்றன. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையுற்றதும் தொலைதூர வண்டிகள் பழைய சாலையை விட்டு விலகின. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். 'பத்தாம் கிலோமீட்டர்' என்று எவரும் ஊருக்குப் பெயரிட்டதாக நாம் கேட்டதில்லை.

ஆசிரியர்கள் தம் மாணவரைக்கொண்டு தாத்தா பாட்டியரிடம் கட்டைப் பெயர்களைத் திரட்டலாம். எண்ணை மட்டும் எழுதினால் போதாது; எந்த ஊரிலிருந்து எண்ணியது, எத்திசையில் என்பனவும் வேண்டும். இதனை நாம் பட்டறிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தாப்பாவில் ஒரு மூதாட்டி, "நான் ஆறாங்கட்டையில பொறந்தவ" என்றார். எந்த ஊரிலிருந்து ஆறு என வினவினோம். "சந்தைக்குப் போற ஊருலேருந்துதான்! வேற எங்கேருந்து எண்ணுவாங்க?" என்று சிரித்தார். அருகிலிருந்த பேரன் கட்டையை விறகென்றே எண்ணியிருந்தான். அவருக்குச் சந்தை தாப்பாவே என்பதைக் கேட்டறிந்து குறித்துக்கொண்டோம்.

வீடு திரும்பி வரைபடத்தை விரித்தபோதே பிழை புலப்பட்டது. தாப்பாவுக்கு வடக்கே கம்பார் வழியில் ஓர் ஆறாங்கட்டை; தெற்கே பீடோர் வழியில் மற்றொன்று. மறு ஆண்டு மீண்டும் சென்றோம். வீடு பூட்டியிருந்தது. அம்மூதாட்டி மறைந்துவிட்டதாக அயலார் கூறினர். பேரனின் முகவரி அவர்களுக்கும் தெரியவில்லை.