பேர் உள்ள காய்கள்

(கோடை விடுமுறையின் கடைசி ஞாயிறு மாலை நம் கிளப் ஹவுஸில் நடந்த குடியிருப்போர் சந்திப்பில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியது. வர முடியாதவர்களுக்காக எழுத்து வடிவில் இங்கே.)



"பிள்ளைகள் வீடியோ கேம் ஆடுவதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் மேடம்" என்று செக்ரட்டரி சார் கேட்டார். கேம் நல்லதா, கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்த எனக்கு விருப்பமில்லை. அந்தப் பட்டிமன்றம் போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவிலேயே நடந்து முடிந்துவிட்டது. யாரும் ஜெயிக்கவில்லை. அதனால் எனக்கு ஓரளவு தெரிந்த ஒரே ஒரு வகை விளையாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதில் எது உயர்ந்தது, ஏன் உயர்ந்தது என்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் என்ன ஆடுகிறார்கள் என்பதை அதை வைத்து நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம்.

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடம் முன்பு வரை எனக்குத் தெரிந்த ஒரே கேம், செல்போனில் கலர் கலராக மிட்டாய் உடைப்பதுதான். சிங்கப்பூரிலிருந்து வந்த என் தம்பி, எட்டாவது படிக்கும் என் மகனுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் ஒன்றைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனான். அன்று ஆரம்பித்தது சண்டை. பரீட்சை நேரத்தில் அதை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பையன் கத்தவில்லை, அழவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டான். பதினோரு நாள். சாப்பிட வா என்றால் வருவான், தட்டைப் பார்த்தே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். வீட்டில் பிள்ளை இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது.

பன்னிரண்டாவது நாள் அவனே வந்து சொன்னான்: "நீ ஒரே ஒரு நாள் ஆடிப் பாரும்மா. அப்புறமும் பூட்டணும்னு தோணிச்சுன்னா பூட்டிக்கோ."

அவன் கையில் கொடுத்தது 'ஃபயர் எம்ப்ளம்: த்ரீ ஹவுசஸ்' என்ற 2019ஆம் ஆண்டு விளையாட்டு. இந்த வகைக்கு டாக்டிகல் ஆர்.பி.ஜி. என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு போர்க்களம். ஒரு முறை நீங்கள் நகர்த்துவீர்கள், ஒரு முறை எதிரி நகர்த்துவான். யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இது வரை சதுரங்கம்தான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே ஒவ்வொரு காய்க்கும் பேர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, குணம் இருக்கிறது. சண்டைக்குச் சண்டை அனுபவம் சேர்ந்து அவர்கள் வளர்கிறார்கள்.

நம்மில் பலர் சின்ன வயதில் ஆடுபுலி ஆட்டம் ஆடியிருப்போம். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டுப் பக்கம் ஆடுகிறவர் இரண்டு மூன்று ஆட்டைப் பலி கொடுத்தாவது புலியை அடைத்துவிடுவார். செத்த ஆட்டை யார் நினைத்துப் பார்த்தோம்? அதற்குத்தான் பேர் இல்லையே. 1990இல் ஜப்பானில் ஷோஸோ காகா என்பவரும் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனமும் நின்டெண்டோவுக்காக முதல் 'ஃபயர் எம்ப்ளம்' செய்தபோது கை வைத்தது இந்த இடத்தில்தான். காய்க்குப் பேர் கொடுத்தார்கள். கூடவே ஒரு விதியும் வைத்தார்கள்: களத்தில் விழுந்தவர் விழுந்தவர்தான். அடுத்த சண்டைக்கு எழுந்து வர மாட்டார்.

என் கதைக்கு வருகிறேன். த்ரீ ஹவுசஸில் நீங்கள் ஒரு ஆசிரியர். மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறீர்கள், அவர்களோடு டீ குடிக்கிறீர்கள், பிறகு அவர்களையே சண்டைக்கும் அழைத்துப் போகிறீர்கள். என் வகுப்பில் பெர்னடெட்டா என்று ஒரு பெண். மனிதர்களைக் கண்டாலே பயம், அறையை விட்டு வெளியே வரவே மாட்டாள். ஆனால் அருமையாக வில் எய்வாள். அவளை மெதுவாகப் பேசிப் பேசித் தேற்றினேன். ஒரு சண்டையில், சீக்கிரம் முடித்துவிட்டுச் சமையலுக்குப் போகலாம் என்ற அவசரத்தில், அவளை ஒரு கட்டம் அதிகமாக முன்னால் நகர்த்திவிட்டேன். குதிரை வீரன் ஒருவன் வந்தான். அவ்வளவுதான்.

கோபத்தில் "இது என்ன அநியாயம்?" என்றேன். பக்கத்தில் இருந்த மகன் சொன்னான்: "அநியாயம் இல்லம்மா. செவப்புக் கோடு வந்துச்சு, நீதான் பாக்கல."

உண்மைதான். அந்த விளையாட்டில் ஒருவரை ஒரு கட்டத்தில் வைக்கும்போதே, எந்த எதிரி அவரைக் குறி வைக்கிறான் என்பதைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். எத்தனை அடி விழும், எத்தனை சதவீதம் படும் என்ற கணக்கும் முன்னாலேயே திரையில் இருக்கும். எல்லாம் சொல்லப்பட்டிருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான். வங்கியில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. இந்த வகை விளையாட்டில் உயர்ந்தது எது? இழப்பு வலிக்க வேண்டும். அந்த இழப்புக்குக் காரணம் நான்தான் என்று மறுக்க முடியாமல் தெரியவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் சரி. வலி மட்டும் இருந்து காரணம் புரியாவிட்டால் அது சூதாட்டம். காரணம் புரிந்து வலி இல்லாவிட்டால் அது கணக்குப் பயிற்சி.

வெவ்வேறு விளையாட்டுகள் இதை எப்படிச் செய்கின்றன என்று மகன் எனக்குக் காட்டினான். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, 2018இல் வந்த 'இன்டு தி பிரீச்'. சதுரங்கம் போலவே எட்டுக்கு எட்டு கட்டம். உங்களிடம் மூன்றே மூன்று இயந்திரங்கள். எதிரி அடுத்து எங்கே அடிக்கப் போகிறான் என்பதை முழுவதுமாக முன்கூட்டியே காட்டிவிடுகிறது. அடி படுமா, தவறுமா என்ற சந்தேகமும் உங்கள் ஆயுதத்துக்குக் கிடையாது. எதிரியைக் கொல்வதை விட, அவனை ஒரு கட்டம் தள்ளிவிட்டு அவன் அடி அவன் கூட்டாளி மேலேயே விழும்படி செய்வதுதான் பல நேரம் சரியான விடை. ஊர் இடிந்தால் அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட வழியே இல்லை.

இரண்டாவது, 1997இல் யாசுமி மட்சுனோ இயக்கிய 'ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ்'. 2025இல் புதுப்பித்துத் திரும்பவும் வெளியிட்டிருக்கிறார்கள். இதில் களத்துக்கு மேடு பள்ளம் உண்டு. மேட்டில் நிற்கிறோமா, எதிரியின் முதுகுப் பக்கம் நிற்கிறோமா என்பதெல்லாம் கணக்கில் வரும். நம் ஆள் விழுந்தால் உடனே போய்விட மாட்டார். தலைக்கு மேல் ஒரு எண் தோன்றும். அவருடைய முறை வரும்போதெல்லாம் 3, 2, 1 என்று குறையும். அதற்குள் நாம் போய் எழுப்ப வேண்டும். ஜெயிக்கப் போகிற சண்டையை விட்டுவிட்டு அவரைத் தூக்க ஓடுவதா, முதலில் சண்டையை முடிப்பதா? நேரம் முடிந்துவிட்டால் அவர் ஒரு படிகமாகவோ பெட்டியாகவோ மாறிவிடுவார். படிகத்தை எடுக்கும் தோழர், போனவருக்குத் தெரிந்த வித்தைகளில் சிலவற்றைக் கற்றுக்கொள்ளலாம். அதை முதல் தடவை பார்த்தபோது நான் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டேன்.

மூன்றாவது, அதே மட்சுனோ 1995இல் செய்த 'டாக்டிக்ஸ் ஓகர்'. முதல் அத்தியாயத்தின் முடிவில் உங்கள் தலைவனிடமிருந்து ஒரு உத்தரவு வருகிறது: நம் இனத்தவர் வாழும் ஒரு ஊரையே அழித்துவிட்டு, பழியை எதிரி மேல் போடு. செய்வதா, மறுப்பதா என்பது உங்கள் விருப்பம். மறுத்தாலும் வேறு ஆட்கள் செய்து முடித்துவிடுகிறார்கள். அந்த ஊரை உங்களால் காப்பாற்ற முடியாது. ஆனால் அதன் பிறகு யார் உங்கள் கூட நிற்பார்கள், கதை எந்தப் பாதையில் போகும் என்பது நீங்கள் சொன்ன பதிலைப் பொறுத்து மாறுகிறது. கையாலாகாத நேரத்திலும் நாம் எந்தப் பக்கம் நின்றோம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு என்று ஒரு விளையாட்டு சொல்லும் என நான் எதிர்பார்க்கவில்லை.

நேர்மையைப் பற்றிப் பேசும்போது ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். த்ரீ ஹவுசஸில் திரையில் 90 சதவீதம் படும் என்று காட்டினால், உண்மையில் 98 சதவீதம் படும். 10 என்று காட்டினால் உண்மை சுமார் 2தான். உள்ளே ஒரு எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்களை எடுத்துச் சராசரி பார்ப்பதால் இப்படி ஆகிறது. 2002ஆம் ஆண்டு 'ஃபயர் எம்ப்ளம்' முதல் இந்த வரிசையில் பல விளையாட்டுகளில் இந்தப் பழக்கம் உண்டு. 90 என்றால் "கண்டிப்பாகப் படும்" என்றுதான் நம் மனது எடுத்துக்கொள்கிறது. பத்தில் ஒரு தடவை தவறும்போது ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. எனக்கு இதில் முழு சம்மதம் இல்லை. கணக்கு என்றால் கணக்காக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மகன் எதிர்க்கட்சி. இன்னும் தீர்ப்பு வரவில்லை.

"பிள்ளைகளுக்கு இவ்வளவு வலி எதற்கு மேடம்?" என்று நீங்கள் கேட்கலாம். விளையாட்டுச் செய்பவர்களும் அதை யோசித்திருக்கிறார்கள். விழுந்தவர் அடுத்த சண்டைக்குத் திரும்பி வரும் 'கேஷுவல்' முறை இந்த வரிசையில் 2010 முதல் உண்டு. த்ரீ ஹவுசஸில் நேரத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டும் வசதியும் இருக்கிறது. ஆனால் ஒரு சண்டையில் சில தடவை மட்டும்தான். அன்று அதையெல்லாம் நான் முன்பே தீர்த்துவிட்டிருந்தேன். இந்த வசதிகளை நான் குறை சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளைகள் அப்படியே ஆரம்பிக்கலாம். ஆட ஆரம்பிக்கும் முன் நாமே தெரிந்து தேர்ந்தெடுக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

உண்மையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. 2017இல் இதே வரிசையில் 'ஃபயர் எம்ப்ளம் ஹீரோஸ்' என்று செல்போன் விளையாட்டு வந்தது. அதே கட்டங்கள், அதே வீரர்கள். ஆனால் வீரர்கள் கிடைப்பது குலுக்கல் முறையில். குலுக்கலுக்குத் தேவையான உருண்டைகளை ஆடியும் சேர்க்கலாம், காசு கொடுத்தும் வாங்கலாம். அங்கே யாரும் நிரந்தரமாகச் சாவதில்லை. அதாவது களத்தில் இழப்பு இல்லை, பர்ஸில் வரலாம். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளையின் கையில் இருப்பதைப் பார்த்தவுடன் திட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். தோற்றால் ஏன் தோற்றாய் என்று உனக்குத் தெரிகிறதா? யோசிக்க நேரம் கொடுக்கிறதா, அவசரப்படுத்துகிறதா? ஜெயிக்கக் காசு கேட்கிறதா? பதில்களை வைத்து முடிவு செய்யுங்கள். மூன்றுக்கும் நல்ல பதில் வந்தாலும் நேரக் கட்டுப்பாடு வேண்டும். எங்கள் வீட்டில் வார நாளில் கிடையாது, சனி ஞாயிறு ஒன்றரை மணி நேரம்.

கடைசியாக பெர்னடெட்டா. அன்று மகன் கேட்டான்: "பழைய சேவ் இருக்கும்மா. திரும்ப ஆரம்பிக்கலாமா?" வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. அடுத்த நாள் ஆடும்போது அவளுடைய அறைப் பக்கம் போனேன். யாரும் இல்லை. மகனிடம், "நான்தான் அவசரப்பட்டேன்டா" என்றேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டே, "நானும் அன்னிக்குப் பதினோரு நாள் பேசாம இருந்திருக்கக் கூடாதும்மா" என்றான்.

அலமாரிச் சாவி இப்போது அவனிடமே இருக்கிறது. ஆட விரும்பும் பெற்றோர் யாராவது இருந்தால் ஞாயிறு நாலு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். டீ நான் போடுகிறேன், பாடம் அவன் எடுப்பான்.