இரும்பில் எழுதிய சுவடி



இலக்கிய வட்டமொன்றின் பத்தாண்டு நிறைவு மேடையில் மோட்டார் சைக்கிளைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. அழியவிருந்த நூல்களை மீட்டெடுத்தோரின் உழைப்பால் செழித்த மொழி தமிழ். மீட்டெடுத்தலுக்கு என்று சில நெறிகள் உண்டு. அவை ஓலைக்கு மட்டும் உரியவை அல்ல. கல்லுக்கும் உரியவை, இரும்புக்கும் உரியவை. திருத்தணியில் ஒரு வீட்டின் பின்கட்டில், தார்ப்பாய் போர்த்தி, இருபது ஆண்டுகளாக அசையாமல் ஒரு பழைய புல்லட் வண்டி நிற்கிறது என்று கொள்வோம். தந்தையார் ஓட்டிய வண்டி. மகன் அதை வீட்டிலேயே உயிர்ப்பிக்க விரும்புகிறார். அவர் கைக்கொள்ள வேண்டிய நெறி யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் அவ்வண்டியின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். புல்லட் என்னும் பெயர் 1932இல் இங்கிலாந்தில் பிறந்தது. ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் தன் வண்டிக்கு இட்ட பெயர் அது. இந்திய எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டியைத் தேடிய நம் அரசு 1950களின் தொடக்கத்தில் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அதன் விளைவாக, 1955இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் கூடி 'என்ஃபீல்டு இந்தியா' என்னும் நிறுவனத்தை அமைத்தன. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தொடக்கத்தில் கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1957இல் பாகங்களை உருவாக்கும் கருவிகளே வந்துசேர்ந்தன. 1962 அளவில் வண்டி முழுவதும் இம்மண்ணிலேயே உருவாயிற்று. ரெட்டிச் ஆலையோ 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் அப்பெயரில் வண்டி செய்வதே நின்றுபோயிற்று. 1977 முதல் திருவொற்றியூர்ப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. தாய்மரம் பட்டுப்போன பின்னும் கிளையொன்று வங்கக் கடலோரத்தில் வேர்விட்டுத் தழைத்தது எனலாம்.

அக்காலத்துப் புல்லட்டின் எஞ்சின் வார்ப்பிரும்பு உருளை ஒன்றை உடையது. உருளையின் விட்டம் 70 மில்லிமீட்டர்; பிஸ்டனின் வீச்சு 90 மில்லிமீட்டர்; கொள்ளளவு 346 சி.சி. கியர்ப் பெட்டி எஞ்சினிலிருந்து தனித்தது; நான்கு கியர்கள். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். புகை பற்றிய விதிகள் இறுகியதனால் இவ்வகை எஞ்சின் 2010ஐ ஒட்டி ஆலையிலிருந்து விடைபெற்றது. இனி அவ்வகை எஞ்சின் ஆலையில் பிறக்கப்போவதில்லை. ஆகவே எஞ்சியுள்ள ஒவ்வொரு வண்டியும், படியெடுப்பார் இன்றிக் குறைந்துவரும் ஓலைச்சுவடியின் நிலையில் இருக்கிறது.

இங்கேதான் முதல் கேள்வி எழுகிறது. மகன் செய்யவிருப்பது புதுப்பித்தலா, மீட்டலா? இரண்டும் ஒன்று போலத் தோன்றும், ஒன்றல்ல. புதுப்பிப்பவர் பழையதைக் களைந்து தாம் விரும்பியதை வைக்கிறார். மீட்பவர் பழையது எதுவோ அதை வெளிக்கொணர்கிறார். டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். பல ஏடுகளை ஒப்புநோக்கினார், பாடபேதங்களைக் குறித்தார். புறநானூற்றில் சிதைந்துபோன இடங்களைத் தம் புலமையால் இட்டு நிரப்பவில்லை. புள்ளியிட்டு வெற்றிடமாகவே விட்டார். அவரால் ஒரு சீரை யாத்து இட்டிருக்க முடியாதா? முடியும். முடிந்தும் செய்யாமையே பதிப்பறம். பழைய வண்டியைத் தொடுவோர்க்கும் அந்த அடக்கமே முதல் தகுதி.

அடக்கம் எவ்வாறு செயலாகிறது? முதல் நாள் எந்தக் கருவியையும் எடாமல் இருப்பதில் தொடங்குகிறது. வண்டியை நாற்புறமும் நின்று பார்த்தல், கம்பிகள் போகும் வழியைப் படமெடுத்தல், எந்த வாஷர் எங்கே இருக்கிறது என்று நோட்டில் குறித்தல் ஆகியவையே முதற்பணி. நெடுநாள் நின்ற வண்டியில் பிஸ்டன் உருளையோடு இறுகியிருக்கக் கூடும். ஆவல் மிகுதியால் கிக்கரை ஓங்கி உதைத்தால் உடைவது கிக்கர் மட்டுமன்று. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியாக டீசல் கலந்த எண்ணெயை ஊற்றி, சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு உயர் கியரில் இட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தால், பெரும்பாலும் பிடி தளரும். பொறுமையே இங்கு முதற்கருவி.

கழற்றும்போதும் ஒரு விதி உண்டு. கழற்றிய வரிசை குறிப்பேட்டில் இருக்க வேண்டும். கழற்றிய பாகம் பெயரெழுதிய டப்பாவில் இருக்க வேண்டும். பழைய வண்டியின் மரைகள் பல ஆங்கில அளவின. மெட்ரிக் அளவு ஸ்பேனரை அவற்றில் மாட்டினால் வழுக்கி நட்டின் முனைகளைத் தேய்த்துவிடும். அளவறியாத கை, நல்லெண்ணத்தோடே கெடுக்கும். ஏடு பிரிக்கத் தெரியாதார் ஏட்டை ஒடித்ததற்கு ஒப்பானது இது.

உருளை தேய்ந்திருந்தால் கடைசல் பட்டறையில் போர் அடித்து, சற்றே பெரிய பிஸ்டனைப் பொருத்துவர். அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, நாற்பது பங்கு என்று அளவுகள் ஏறும். ஒவ்வொரு முறையும் சீவிய இரும்பு மீளாது. ஆதலால் குறைந்த அளவே போதுமாயின் அதனோடு நிறுத்துவதே அறிவுடைமை. அடுத்த தலைமுறைக்கும் ஒரு முறை போர் அடிக்க இடம் வைக்க வேண்டுமல்லவா?

பூட்டும்போது விரலறிவு வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் புஷ் ராடுகளை இரு விரலால் திருகினால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடவும் கூடாது. பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு 0.8 மில்லிமீட்டர் முன்னதாகப் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். தலைமயிர் ஒன்றின் பருமன் பிழைத்தாலும் வண்டி பின்னுதைக்கும். உதைப்பவரின் கணுக்காலே அதற்கு விலை. யாப்பறிந்தோர்க்கு இந்த நுட்பம் புதிதன்று. ஓர் அசை மிகினும் தளை தட்டும்.

எல்லாவற்றையும் பழையவாறே வைத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. உயிர் காக்கும் பாகங்களில் பழமைப் பற்று கூடாது. டயர், பிரேக் லைனர், கிளட்ச்சும் பிரேக்கும் இழுக்கும் கேபிள்கள், உறை வெடித்த மின்கம்பிகள் ஆகியவை புதியனவாதலே முறை. பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அத்தூசியை வாயால் ஊதுதல் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இன்று விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பர்க் குழாயை நைந்துபோகச் செய்யும், ஈரத்தையும் ஈர்க்கும். ஆகவே பெட்ரோல் குழாயும் புதிதாக வேண்டும். ஆனால் கழற்றிய பழைய பாகத்தை எறியாமல் பெயரெழுதி வைப்பதே மீட்பவர்க்கு அழகு. ஒதுக்கிய பாடத்தையும் அடிக்குறிப்பில் காட்டுவது பதிப்பாசிரியர் மரபு.

அடுத்தது தோற்றம். இங்கேதான் பெரும்பாலான வண்டிகள் தம் வரலாற்றை இழக்கின்றன. எஞ்சின் வேலை முடிந்ததும், மின்னும் குரோமும் கண்ணைப் பறிக்கும் வண்ணமும் பூசச் சொல்லி நண்பர்கள் தூண்டுவர். திருவொற்றியூரில் பெட்ரோல் டேங்கின்மீது பொற்கோடுகளைத் தூரிகையால் கையாலேயே தீட்டினார்கள். ஒரே மூச்சில் கோடிழுத்த அக்கைகளின் எழுத்து அது. பாதி அழிந்திருந்தாலும் அது மூலபாடம். டேங்கின் இருபுறமும் தந்தையாரின் முழங்கால் உராய்ந்து உராய்ந்து வண்ணம் தேய்ந்த இடம் ஒன்று இருக்கும். அதன்மேல் புதுவண்ணம் பூசினால் வண்டி அழகாகும். ஆனால் அது எவருடைய வண்டி என்பது மறைந்துபோகும். துருவைத் தடுத்து நிறுத்துவது கடமை. தேய்மானத்தை மறைப்பது கடமையன்று.

தோற்றத்தினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதற்குத் திருத்தணியிலேயே சான்று கூறலாம். மலைமேல் முருகன் கோயிலை நாடறியும். ஊரிலுள்ள வீரட்டானேசுவரர் கோயிலை அறிந்தோர் குறைவு. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவ மன்னன் அபராசிதவர்மன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் எடுப்பித்த கற்றளி அது. அங்குள்ள கல்வெட்டில் மன்னனே இயற்றியதாகக் கூறும் வெண்பா ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. கல் பேசுவதனால்தான் இவ்வளவும் தெரிகிறது. தமிழகத்துக் கோயில்கள் சிலவற்றில் திருப்பணி என்னும் பெயரால் மணல் வீச்சுக்கொண்டு சுவரைத் தூய்மை செய்தபோது எழுத்துகள் தேய்ந்ததை ஆய்வாளர்கள் வருந்தி எடுத்துரைத்ததும் நாம் அறிந்ததே. அதே மணல் வீச்சு மோட்டார் பட்டறைகளிலும் உண்டு. எஞ்சின் உறையிலும் அடிச்சட்டத்திலும் பொறித்த எண்களே வண்டியின் கல்வெட்டு. பளபளப்புக்காக அவ்விடத்தைத் தேய்த்தால், வண்டி ஊரும் பேரும் இழக்கும். சட்டத்தின் கண்ணில் களவுப் பொருளாகவும் தோன்றக்கூடும்.

சட்டத்தைப் பற்றியும் இரண்டொரு சொல். திருத்தணி எல்லையோர ஊர். 1960 ஏப்ரல் முதல் நாளன்றுதான் இவ்வட்டம் ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நகரியும் புத்தூரும் எல்லைக்கு அப்பால், கூப்பிடு தொலைவில் இருக்கின்றன. அங்கிருந்து பழைய வண்டி வாங்கி வருவோர், அங்குப் பதிவு செய்த அலுவலகத்தின் தடையின்மைச் சான்று பெற்று, இங்கே புதிய எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சொந்த வண்டியின் பதிவு முதலில் 15 ஆண்டு செல்லும்; பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2021இல் நடுவண் அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவு ஆகி ஐம்பது ஆண்டு கடந்ததாய், அடிச்சட்டத்திலோ கூட்டிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்யாததாய், மூல வடிவில் பேணியதாய் இருப்பதே அவ்விதிகளின்படி பழம்பெரும் வண்டி. அதற்குத் தனி எண்வரிசையும் உண்டு. பதிப்பறம் கூறுவதையே சட்டமும் கூறுகிறது என்பது எண்ணத் தக்கது.

ஆனால் அவ்வரிசையில் பதிந்த வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டலாகாது. ஆகவே மகன் முன் இரு வழிகள் நிற்கின்றன. ஒன்று, காட்சிக்குரிய அரும்பொருளாக வைத்தல். மற்றொன்று, வழக்கமான பதிவைப் புதுப்பித்து, தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி, ஓட்டுதல். பாடுவார் இன்றிப் பேழையில் உறங்கும் பாட்டுக்கும் ஓடாமல் மின்னும் வண்டிக்கும் வேறுபாடு சிறிதே. வண்டி உறுதியாய் இருக்குமாயின் இரண்டாம் வழியே சிறந்தது. 365 படிகளுக்குப் பக்கத்தே வண்டிகள் ஏறும் சாலையும் திருத்தணி மலைக்கு உண்டு. அச்சாலையில் ஏறும்போது கிளட்ச்சின் உண்மை தெரியும். இறங்கும்போது பிரேக்கின் உண்மை தெரியும். காட்சிக் கூடம் இவ்விரு சோதனைகளையும் நடத்தாது.

ஓட்டுவதில் மற்றொரு பயனும் உண்டு. அறிவு கைமாறுகிறது. பழைய புல்லட்டைக் கிளப்புதல் கால்வலிமை அன்று; படிப்பு. கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்பதைக் கண்டு, டிகம்ப்ரஸர் பிடியை இழுத்து, பிஸ்டனை உச்சிக்குச் சற்றே அப்பால் நகர்த்தி, பிடியை விட்டு, பின் ஒரே உதை. இதை நூலில் படித்தறிதல் அரிது. அருகில் நின்று அறிதல் எளிது. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பாகங்களின் குவியலிலிருந்து உரிய கியரைத் தடவியே எடுத்துத் தருவோரும், சிறு ஊர்ப் பட்டறைகளில் ஒலி கேட்டே வால்வின் குறை சொல்வோரும் மூத்துவருகிறார்கள். அவர்கள் எழுதி வைக்கவில்லை. அவர்களிடம் வண்டி கொண்டுசெல்லும் ஒவ்வொருவரும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். குறிப்பேட்டில் அவர்கள் பெயரும் இடம்பெற வேண்டும். உரை சொன்னவரை மறப்பது தமிழ் மரபன்று.

அன்பார்ந்த அவையோரே, வீட்டுப் பின்கட்டில் பழைய வண்டியோடு பல மாதம் போராடுவது வீண்செலவு என்று கருதுவோர் உண்டு. அதே பணத்துக்குப் புதிய வண்டி கிடைக்கும் என்பதும் மெய்யே. ஆயினும் மீட்பவர் ஈட்டுவது வண்டியை மட்டுமன்று. முன்னோர் கையால் செய்ததைத் தன் கையால் திருத்தலாம், ஆனால் தன் விருப்பத்தால் திருத்தலாகாது என்னும் ஒழுக்கத்தையும் ஈட்டுகிறார். ஓலையிலோ கல்லிலோ இரும்பிலோ, அவ்வொழுக்கம் உள்ளவரிடம் ஒப்படைத்தது அழியாது. அத்தகையோர் பெருகுக.