ஈட்டி அடித்த கை

மேற்கு ஆப்பிரிக்கா என்றதும் நம்மில் பலருக்கு வெள்ளைக்காரன் எடுத்த சினிமாதான் ஞாபகத்துக்கு வரும். கையில் ஈட்டியைக் கொடுத்து, கூச்சல் போடவிட்டு, "காட்டுமிராண்டி" என்று முத்திரை குத்தியிருப்பான். அந்த ஈட்டியைச் செய்தவன் யார் என்று அவன் சொன்னதில்லை. அதை இன்று நாம் பேசுவோம்.

ஈட்டி முனை லேசில் பிறப்பதல்ல. இரும்புக் கல்லைத் தோண்ட வேண்டும். மரத்தை எரித்துக் கரியாக்க வேண்டும். களிமண் சூளை கட்டி, கல்லையும் கரியையும் இட்டு, சூட்டைக் கணக்காகக் காக்க வேண்டும். கிடைத்த இரும்பைக் கொல்லன் உலையில் காய்ச்சி, இலை வடிவாக அடித்து, மரக்காம்பில் பொருத்துவான். இந்த வித்தை அங்கே மிகப் பழையது. நைஜீரியாவில் தாருகா என்னுமிடத்தில் கிடைத்த நோக் பண்பாட்டுச் சூளைகள் ஏறத்தாழ கி.மு. 500-ஐச் சேர்ந்தவை. புர்கினா ஃபாசோவில் டூருலா சூளை கி.மு. 8-ஆம் நூற்றாண்டினது, 2019-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

ஈட்டி பிறந்த உலையில்தான் மண்வெட்டியும் கோடரியும் பிறந்தன. யொருபா மக்களின் இரும்புத் தெய்வமான ஓகூன், வேட்டைக்காரனுக்கும் வீரனுக்கும் கொல்லனுக்கும் உழவனுக்கும் பொது. இன்று லாரி டிரைவரும் அத்தெய்வத்தை வணங்குகிறான். இரும்பின்மேல் சத்தியம் செய்தால் பொய் சொல்லக் கூடாது. ஆனால் மாண்டே மக்களிடையே 'நுமு' எனப்படும் கொல்லர் தனிக் குலம். மற்றக் குலத்தார் அவர்களோடு சம்பந்தம் வைப்பதில்லை. அவர்கள் வேலை எல்லோருக்கும் வேண்டும். உறவு மட்டும் வேண்டாம்!

ஈட்டி ஏழையின் கையில் மட்டும் இருந்ததென்று நாம் சொல்ல மாட்டோம். அரசர்களின் படைகள் அதைக் கொண்டே அயலூராரைப் பிடித்து, கடற்கரையில் ஐரோப்பிய வியாபாரிகளிடம் அடிமைகளாக விற்றன. விலையாக வந்த சரக்குகளில் துப்பாக்கியும் இருந்தது, இரும்புப் பட்டையும் இருந்தது. மலிவான அந்நிய இரும்பு குவியக் குவிய, காலப்போக்கில் உள்ளூர்ச் சூளைகள் அவிந்தன.

பிறகு ஏகாதிபத்தியம் நேரிலேயே வந்தது. 1897-ல் பிரிட்டிஷ் படை மாக்ஸிம் பீரங்கித் துப்பாக்கிகளோடு பெனின் நகரில் புகுந்தது. அரண்மனையைக் கொள்ளையிட்டது, நகரம் எரிந்தது. கொண்டுபோன பித்தளைத் தகடுகளில் ஈட்டி ஏந்திய வீரர்களின் உருவங்கள் உண்டு. "காட்டுமிராண்டி" வார்த்த தகட்டை நாகரிகக்காரன் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பெருமை கொண்டான்! 2022-ல் ஜெர்மனி தன்னிடமிருந்தவற்றின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலோ நூற்றுக்கணக்கானவை இன்னும் இருக்கின்றன.

பிரெஞ்சுப் படையை 1882 முதல் 1898 வரை எதிர்த்து நின்றவன் சாமோரி தூரே. அவனும் அரசன்தான், பிடிபட்டவர்களை விற்றுக் குதிரை வாங்கியவன்தான். ஆனால் அவனுடைய கொல்லர்களைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரனின் தொடர்வெடித் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்து, அதைப் போலவே கையால் செய்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஈட்டி அடித்த குலத்தின் கைகள் அவை.

தோழர்களே! மியூசியத்து ஈட்டியின் கீழே அரசன் பெயர் இருக்கும், கொண்டுவந்த துரையின் பெயர் இருக்கும். கொல்லன் பெயர் பெரும்பாலும் இராது. அந்தப் பெயரைக் கேளுங்கள். மண்வெட்டியும் இயந்திரமும் பிடிக்கும் நாம் கேட்காவிட்டால், வேறு யார் கேட்பார்கள்?